ஹரீரியின் சொல்லும் வாஸிதீயின் தூரிகையும்

அரபு மத்ரஸாக்களில் ஓதித் தேர்ந்தவர்களிடம் 'மகாமாத்துல் ஹரீரி' என்று சொன்னால், பெரும்பாலோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது அந்நூலின் கடினமே. அருஞ்சொற்கள், எதுகை குன்றாத உரைநடை, ஒரு வரி மூலத்துக்கு நான்கு வரி விளக்கம் என்பனவே மனத்தில் தங்கியிருக்கும். தர்ஸே நிஜாமியைத் தழுவிய கல்விக்கூடங்களில் நூலிலுள்ள ஐம்பது மகாமாக்களுள் முதற் பத்தை ஓதுவது வழக்கம். அந்தப் பத்தும் இலக்கியமாக ஓதப்படுவது அரிது. சொல்லுக்குப் பொருள், பன்மைக்கு ஒருமை, வினைக்கு வேர் என்று பாடம் நகர்கிறது. தேர்வுத்தாளும் அதையே கேட்கிறது. அபூ ஸைத் அஸ்ஸரூஜி என்பவர் யார், ஏன் ஊர் ஊராக வேடம் மாற்றித் திரிகிறார், அவரைக் கண்டு கோபமும் பாசமும் ஒருங்கே கொள்ளும் ஹாரிஸ் இப்னு ஹம்மாம் எதற்காக மீண்டும் மீண்டும் அவரிடம் ஏமாறுகிறார் என்னும் வினாக்கள் வகுப்பில் எழுவதேயில்லை. ஒரு பெரும் கதைமாந்தர், அகராதியின் பக்கங்களுக்கிடையே தொலைந்துபோகிறார்.

அவரை மீட்டெடுக்கும் வழிகளுள் ஒன்றாக, நூலோடு ஓவியத்தையும் சேர்த்துப் பாடமாக்குவதை நாம் சில ஆண்டுகளாக மேற்கொண்டு வருகிறோம். இதற்கென ஓவியங்களைப் புதிதாகத் தேடவேண்டியதில்லை. பஸராவைச் சேர்ந்த காஸிம் இப்னு அலீ அல்ஹரீரி கி.பி. 1054 முதல் 1122 வரை வாழ்ந்தவர். அவர் மறைந்து நூறாண்டு நிறைவதற்குள் அவருடைய நூல் ஓவியங்களுடன் பிரதியெடுக்கப்படத் தொடங்கிவிட்டது. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அத்தகைய பிரதிகள் பத்துக்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. அவற்றுள் தலைசிறந்தது யஹ்யா இப்னு மஹ்மூத் அல்வாஸிதீ என்பவர் ஹிஜ்ரி 634 ரமலான் மாதத்தில், அதாவது கி.பி. 1237 மே மாதத்தில், முடித்த பிரதி. எழுதியவரும் அவரே, வரைந்தவரும் அவரே. அதில் 99 ஓவியங்கள் உள்ளன. பாரிஸிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தில் அரபுச் சுவடி 5847 என்னும் எண்ணில் அது பாதுகாக்கப்படுகிறது. நூலகத்தின் மின்தொகுப்பில் எவரும் காணலாம். அது பக்தாதில் உருவானதென்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அவ்வாறாயின், அந்நகரம் தாத்தாரியரிடம் வீழ்வதற்கு இருபத்தோராண்டுகளுக்கு முன் அங்கிருந்த வாசகர் ஒருவர் ஹரீரியை எவ்வாறு வாசித்தார் என்பதற்கு நம் கையில் உள்ள சாட்சி அதுவாகும்.

'வாசித்தார்' என்னும் சொல்லை நாம் தெரிந்தே இடுகிறோம். ஓவியத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருவோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒரு சாரார் அதைக் கசப்பு மருந்தின்மேல் தடவும் தேனாகக் கொள்கின்றனர். மாணவர் சோர்ந்திருக்கும் வேளையில் ஒரு படம் காட்டப்படும், கண்கள் விரியும், பின்னர்ப் பாடம் பழைய தடத்திலேயே செல்லும். இக்கருத்துக்குத் தொன்மை இல்லாமலில்லை. 'கலீலா வ திம்னா'வின் முன்னுரையில் இப்னுல் முகஃப்பஃ படங்களின் பயன்களுள் ஒன்றாக மன்னர்களின் உள்ளத்துக்கு அவை தரும் மகிழ்ச்சியைக் கூறுகிறார். மற்றொரு சாரார், இவர்கள் பெரும்பாலும் வரலாற்றாசிரியர்கள், வாஸிதீயின் ஏட்டை அப்பாஸியர் கால வாழ்வின் புகைப்படத் தொகுப்பாகப் பயன்படுத்துகின்றனர். கப்பல் எப்படி இருந்தது, நூலகத்தில் ஏடுகள் எப்படி அடுக்கப்பட்டன, பெண்கள் எவ்வகை ஆடை அணிந்தனர் என்பதற்கெல்லாம் அவரிடம் சான்று தேடுகின்றனர். இவ்விரு பயன்பாடுகளிலும் மூலநூல் மறக்கப்படுகிறது என்பதே நம் குறை. தேனாகக் கொள்வோர்க்கு எந்தப் படமாயினும் போதும். சான்றாகக் கொள்வோர்க்கு எந்த நூலாயினும் போதும்.

வாஸிதீயை நாம் ஒரு ஷாரிஹாக, உரையாசிரியராகக் கொள்கிறோம். ஷரீஷீ ஹரீரிக்குச் சொல்லால் உரை எழுதினார். வாஸிதீ கோட்டாலும் வண்ணத்தாலும் எழுதினார். உரையாசிரியரிடம் எத்தகைய வினாக்களைக் கேட்போமோ, அவற்றையே ஓவியரிடமும் கேட்க வேண்டும். மூலம் சொல்லாத எதைச் சேர்த்தார்? மூலம் சொன்ன எதை விட்டார்? எந்த இடத்தில் நின்று அகலமாக எழுதினார்? இவ்வினாக்களுக்கு விடை காண மாணவர் மூலத்துக்கே திரும்பிச் செல்லவேண்டியிருக்கிறது. ஓவியத்தால் விளையும் முதற்பயன் இதுவே.

ஏழாம் மகாமாவை எடுத்துக்கொள்வோம். இது முதற் பத்தினுள் அடங்குவதால் நம் மாணவர் அனைவரும் அறிந்தது. பர்கஈத் என்னும் ஊரைவிட்டுப் புறப்பட எண்ணும் ஹாரிஸ், பெருநாள் நெருங்கிவிட்டதைக் கண்டு, அதில் கலந்துகொண்டு செல்லத் தங்குகிறார். தொழுகைக்கு மக்கள் கூடிய இடத்தில் கண்ணிழந்த முதியவர் ஒருவரை ஒரு கிழவி வழிநடத்தி வருகிறாள். பல வண்ணத் தாள்களில் எழுதிய கவிதை விண்ணப்பங்களை வரிசை வரிசையாகக் கொடுத்து, இரக்கம் உள்ளவரைத் தேடுகிறாள். முதியவர் அபூ ஸைத் என்பதையும், அவருடைய கண்கள் நன்றாகவே ஒளிவிடுகின்றன என்பதையும் ஹாரிஸ் பின்னர் அறிகிறார். காலமே குருடாக நடிக்கும்போது நான் நடித்தால் என்ன என்பது அபூ ஸைதின் வாதம். பிறகு ஹாரிஸை ஏதோ வாங்கிவர அனுப்பிவிட்டுக் கிழவியுடன் மறைந்துவிடுகிறார்.

இந்த மகாமாவுக்கு வாஸிதீ தீட்டிய ஓவியங்களுள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. குதிரைவீரர் கூட்டம், நெருக்கமாக உயர்ந்த கொடிகள், அவற்றில் பொறித்த எழுத்துகள், நீண்ட எக்காளங்கள், முரசு. அபூ ஸைதும் இல்லை, கிழவியும் இல்லை, தாள்களும் இல்லை. மூலத்தை ஓதிமுடித்த மாணவரிடம் இப்படத்தைக் காட்டி, இது கதையின் எந்த இடம் என்று கேட்டால், முதலில் எவராலும் சொல்ல முடிவதில்லை. கதையில் குதிரையே இல்லையே என்பார்கள். மீண்டும் ஓதச் சொல்வோம். மூன்றாம் முறையில் யாரேனும் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். பெருநாள் தன் குதிரைப்படையோடும் காலாட்படையோடும் வந்து சூழ்ந்தது என்று ஹரீரி ஓர் உருவகம் இட்டிருக்கிறார். ஓதும்போது நாம் ஒரு நொடியில் கடந்துபோகும் அந்தச் சிறுதொடரை ஓவியர் ஒரு முழுக் காட்சியாக விரித்திருக்கிறார்.

வகுப்பு அங்கே நின்றுவிடக்கூடாது. குதிரைப்படை, காலாட்படை என்னும் அந்த இணை ஹரீரிக்கு எங்கிருந்து வந்தது? குர்ஆனை மனனம் செய்த மாணவர்க்கு விடை நாவிலேயே இருக்கும்: அல்இஸ்ரா அத்தியாயத்தின் 64-ஆம் வசனம். அங்கே அந்தப் படைகள் இப்லீஸுக்குரியவை. மனிதரை வழிகெடுக்க அவன் திரட்டுபவை. பெருநாளின் வருகைக்கு ஷைத்தானின் படையெடுப்பைக் குறிக்கும் தொடரை ஹரீரி எடுத்தாண்டது ஏன்? நூலாசிரியர் வாய்க்கு வந்ததை எழுதுபவர் அல்லர். சற்று நேரத்தில் அந்தத் தொழுகைக் கூட்டத்திலேயே ஒரு பெரிய மோசடி நடக்கப்போகிறது. அதன் முன்னறிவிப்பு முதல் வரிகளிலேயே ஒளித்துவைக்கப்பட்டுள்ளது எனக் கருத இடமுண்டு. வாஸிதீ இதை உணர்ந்தாரா என்பது வேறு வினா. அவருடைய குதிரைகள் அழகாகவும் பண்டிகைக்குரிய பொலிவோடும் நிற்கின்றன. அவற்றில் கேட்டின் குறி எதையும் நாம் காணவில்லை. இந்த இடத்தில் உரையாசிரியர் மூலத்தின் மேற்பரப்போடு நின்றுவிட்டார் என்பதே நம் மதிப்பீடு. ஆயினும் அவருடைய குதிரைகள் இல்லாவிடில் இக்தி­பாஸ் என்னும் அணிக்கு இத்துணை நல்ல எடுத்துக்காட்டு நம் மாணவர் கண்ணில் பட்டிருக்காது.

இதற்கு நேர்மாறாக, ஓவியர் மூலத்தின் ஆழத்துக்கே சென்றுவிட்ட இடமும் உண்டு. அது நாற்பத்து மூன்றாம் மகாமா. பயணத்தில் களைத்த அபூ ஸைதும் ஹாரிஸும் ஒரு சிற்றூரை அடைகின்றனர். தோளில் புற்கட்டு சுமந்த சிறுவன் ஒருவன் எதிர்ப்படுகிறான். இங்கே சொற்பொழிவைக் கொடுத்தால் பேரீத்தம்பழம் கிடைக்குமா என்னும் பாங்கில் அபூ ஸைத் வினவுகிறார். சிறுவன், இல்லை என்பதோடு நிறுத்தவில்லை. கவிதைக்கு இது கிடைக்காது, கதைக்கு அது கிடைக்காது என்று ஒவ்வொரு இலக்கிய வகையையும் ஒவ்வோர் உணவோடு இணைத்து மறுத்துக்கொண்டே போகிறான். இலக்கியத்தை விற்று வயிறு வளர்த்த ஒருவரின் சரக்கு விலைபோகாத ஊர் அது. நகைச்சுவையாகத் தோன்றினாலும், ஐம்பது மகாமாக்களிலும் இதைவிடக் கசப்பான இடம் வேறில்லை என்போம்.

அவ்வூரைப் பற்றி ஹரீரி வருணனை ஏதும் தரவில்லை. வாஸிதீ தந்திருக்கிறார். முன்புறத்தில் ஒட்டகங்களின்மேல் இருவர். அவர்களோடு பேசி நிற்கும் ஊரார் ஒருவர். பின்னால் குவிமாடமும் மினாராவும் கொண்ட பள்ளிவாசல், வளைவுகளுக்குள் அமர்ந்த மனிதர்கள், நீர்நிலையருகே ஆடுகள், கூரைமேல் கோழிகள், ஒரு பேரீச்சமரம், நூல் நூற்கும் ஒரு பெண். இவற்றுள் எதற்கும் மூலத்தில் ஆதாரம் இல்லை. ஆயினும் இவையாவும் மூலத்துக்கே உரியவை. நூற்கிறவள் நூற்கிறாள், ஆடு நீர் அருந்துகிறது, வாயிலில் இருப்பவர் வேடிக்கை பார்க்கிறார். எதுகை நயமும் சிலேடையும் இல்லாமலே இவர்களுடைய வாழ்வு நிறைவாக நடக்கிறது என்பதை ஓவியர் காட்டுகிறார். சிறுவனுடைய மறுப்பு மூலத்தில் சொல்லாக இருந்தது; ஓவியத்தில் ஓர் ஊராகவே நிற்கிறது. எந்த உரைநூலும் இவ்விடத்துக்கு இத்தகைய விளக்கம் தந்து நாம் கண்டதில்லை. முதற் பத்தோடு நிறுத்திவிடும் வழக்கத்தால் நம் மாணவர்க்கு இழப்பாவது இதுதான்.

இனி, எதை முன்னர்த் தருவது என்னும் வினா. படத்தை முதலில் காட்டிப் பாடத்துக்குள் அழைத்துச் செல்வதே எளிது என்று பயிற்சி வகுப்புகளில் ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரப்படுகிறது. மகாமாவைப் பொறுத்தவரை அது நூலைக் கெடுக்கும் வழி. மகாமாவின் கட்டமைப்பே தாமதமாக அறிந்துகொள்வதில் இருக்கிறது. போதகராக, குருடராக, வழக்காளியாக வந்து நிற்பவர் அபூ ஸைதே என்பது கடைசியில்தான் ஹாரிஸுக்கு விளங்குகிறது, வாசகருக்கும் அவ்வாறே. ஓவியமோ எல்லாவற்றையும் ஒரே பார்வையில் தந்துவிடுகிறது. ஒரு முறை கண்ட நரைத்த தாடியை அடுத்த ஏட்டில் கண் தானே தேடிப் பிடித்துவிடும். ஆகவே முதலில் ஓத வேண்டும். பின்னர் நூலை மூடிவிட்டு, நீங்கள் வரைவதாயின் எந்த நொடியை வரைவீர்கள் என்று எழுதிவரச் சொல்ல வேண்டும். அதன் பிறகே படம். தாம் தெரிந்தெடுத்த நொடியும் வாஸிதீ தெரிந்தெடுத்த நொடியும் வேறாக இருப்பதைக் காணும்போது மாணவர் தொடுக்கும் வழக்குகள் இனிமையானவை. மூலத்திலிருந்து ஆதாரம் காட்டாமல் எவரும் பேசக்கூடாது என்பது மட்டுமே நாம் வைத்திருக்கும் விதி.

ஓவியத்தால் ஆகாத இடங்களும் உள்ளன. அவற்றையும் மறைக்காமல் காட்ட வேண்டும். முப்பத்திரண்டாம் மகாமாவில் அபூ ஸைத் நூறு மார்க்கச் சட்ட வினாக்களுக்கு விடையளிக்கிறார். ஒவ்வொரு வினாவும் இருபொருள் தரும் ஒரு சொல்லைச் சுற்றி அமைந்தது. பொதுப்பொருளில் கேட்டால் விடை பிழையாகத் தோன்றும். அரும்பொருளில் கேட்டால் சரியாகும். ஃபிக்ஹு ஓதும் மாணவர் பெரிதும் சுவைக்கும் பகுதி இது. 'ஆயிர மசலா'வைப் போன்ற வினாவிடை இலக்கியத்தைப் பெற்ற தமிழ் முஸ்லிம்களுக்கு இச்சுவை புதிதும் அன்று. ஆனால் சிலேடையை எப்படி வரைவது? வாஸிதீ வரையவில்லை. பரிசாகக் கிடைத்த ஒட்டகங்களை, மூலத்தில் ஒரு சொல்லாக வந்துபோகும் மந்தையை, பெண்ணொருத்தி மேய்த்து நிற்க ஒரு பேரழகுக் காட்சியாகத் தீட்டிவிட்டார். அதேபோல் பதினோராம் மகாமாவில், ஸாவா நகரின் அடக்கத்தலத்தில் அபூ ஸைத் நிகழ்த்தும் மரண போதனைதான் மூலத்தின் உயிர். ஓவியத்தில் அடக்கமே பெரிதாக நிற்கிறது. போதனைக்கு அங்கே குரல் இல்லை. மகாமாத்தின் ஓவியங்களைத் தனிநூலாக ஆராய்ந்த ஓலெக் கிராபார், சொல்விளையாட்டையே சாரமாகக் கொண்ட நூலுக்கு ஏன் இத்தனை படங்கள் என்னும் புதிரை எழுப்பியவர். வகுப்பறையில் அந்தப் புதிர் ஒரு வாய்ப்பாகிறது. ஓவியர் வாய்மூடும் இடம் எதுவோ, அதுவே சொல்லுக்கு மட்டும் உரிய இடம் என்று மாணவர்க்குத் தொட்டுக் காட்டலாம்.

இனி, இவ்விதழின் வாசகர் பலர் மனத்தில் இதுவரை எழுந்துகொண்டிருக்கும் வினாவுக்கு வருவோம். உயிருள்ளவற்றின் உருவங்களை மத்ரஸா வகுப்பில் காட்டலாமா? இதை எளிதாகத் தட்டிவிட நாம் விரும்பவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் நிழலுள்ள உருவம், நிழலற்ற உருவம் என்னும் வேறுபாட்டை ஏற்றவர் அல்லர். அவ்வேறுபாட்டைக் கொண்ட அறிஞரும் உளர். 1899 முதல் 1905 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது அப்துஹு அவர்கள், 1903-இல் சிசிலித் தீவுக்குச் சென்றுவந்து எழுதிய பயணக் கட்டுரையில், கவிதையையும் ஓவியத்தையும் உடன்பிறந்தவை போலவே பேசினார். அரபுகள் தம் பழங்கவிதையைப் பேணியது எதற்காகவோ, அதற்காகவே பிற சமூகத்தார் ஓவியங்களைப் பேணுகின்றனர் என்பது அவர் கருத்து. 'அல்மனார்' இதழில் வெளிவந்த அக்கருத்தை எல்லா உலமாக்களும் ஏற்றுவிடவில்லை. நாம் இங்கே தீர்ப்புச் சொல்ல அமரவில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம்: படத்துக்கு முன்னரே, கதைக்கு இந்த வழக்கு வந்துவிட்டது.

நடவாததை நடந்ததாகச் சொல்வது பொய்யன்றோ என்னும் ஆட்சேபத்தை ஹரீரி தம் முன்னுரையிலேயே எதிர்கொள்கிறார். விலங்குகளும் உயிரற்றவையும் பேசுவதாக எழுதியவர்களை எவரும் பழித்ததில்லையே என்கிறார். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே என்பதையும் நினைவூட்டுகிறார். அவருக்குப் பின் இப்னுல் கஷ்ஷாப் இந்த விடையை ஏற்காமல் கண்டனம் எழுத, இப்னு பர்ரீ ஹரீரிக்காக மறுப்பு எழுதினார். இத்தனை வாதத்துக்குப் பிறகே அபூ ஸைத் நம் பாடத்திட்டத்துக்குள் வந்து அமர்ந்திருக்கிறார். அந்த வரலாற்றை ஓதாமல் ஓவியத்தின்மீது மட்டும் புருவத்தை உயர்த்துவது நியாயமாகாது.

தயங்கும் மாணவர்க்கு நாம் காட்ட விரும்பும் மற்றொரு பிரதி ரஷ்யாவில் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. அதுவும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் மகாமாத்தே. அதன் உருவங்களின் கழுத்துகளில் பிற்காலத்தவர் யாரோ கோடு இழுத்துவிட்டிருக்கிறார். தலை நீங்கிய உருவம் உயிருள்ளதன் உருவமாகாது என்னும் சட்டக் கருத்தின் வழி வந்த செயல் அது. (கழுத்தில் கோடிட்டால் மட்டும் போதாது, கழுத்தில் வளையமுள்ள புறாவும் உயிரோடுதானே இருக்கிறது என்று ஹனஃபி ஃபுகஹாக்களில் சிலர் கேட்டிருக்கின்றனர். சட்ட வல்லுநரின் கண்ணும் கூர்மையானதே.) அந்தக் கோட்டைக் கலையழிப்பு என்று எழுதிச் செல்வோர் உண்டு. நாம் அதை அப்படி மட்டும் பார்க்கவில்லை. அந்த மனிதர் ஏட்டைக் கிழிக்கவில்லை, எரிக்கவுமில்லை. ஒரு மெல்லிய கோட்டை இழுத்துவிட்டு நூலைக் காத்துவைத்தார். ஹரீரியையும் விடமுடியவில்லை, தம் மனச்சான்றையும் விடமுடியவில்லை. வாஸிதீ ஓர் உரையாசிரியர் என்றால், கோடு இழுத்தவர் அவ்வகைப் படங்களுக்கு ஹாஷியா எழுதியவர்.

நமக்கும் ஓர் எல்லை உண்டு. ஹிராத் நகரின் பிஹ்ஸாத், ஸஅதீயின் 'பூஸ்தான்' நூலின் 1488-ஆம் ஆண்டுப் பிரதியில் யூஸுஃப் (அலை) அவர்களையும் ஸுலைகாவையும் தீட்டிய ஓவியம், இலக்கியத்தையும் ஓவியத்தையும் இணைத்துப் பயில்வோர்க்கு உலகிலேயே சிறந்த பாடங்களுள் ஒன்று. ஸஅதீயின் நூலுக்காக வரைந்த படத்தில் அவர் ஜாமீயின் நூலிலுள்ள மாளிகையைக் கட்டியிருக்கிறார் என்பதிலேயே ஒரு பருவத்துக்கான ஆய்வு அடங்கியிருக்கிறது. ஆயினும் நபிமார் ஒருவரின் உருவத்தை வகுப்பில் காட்ட நாம் ஒருப்படவில்லை. இந்த எல்லையை மாணவரிடம் வெளிப்படையாகவே சொல்கிறோம். மறைப்பதால் மதிப்பு வருவதில்லை.

பலாகா பாடத்துக்கும் இம்முறை உதவுகிறது. கவிதையை ஒருவகைத் 'தஸ்வீர்' என்று ஜாஹிஸ் கூறினார். அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மறைந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ, தம் 'அஸ்ராருல் பலாகா'வில், கவிஞர் மனத்தில் எழுப்பும் வியப்பைத் திறமான ஓவியங்கள் காண்போர்க்கு ஊட்டும் வியப்போடு ஒப்பிட்டார். 'ஸூரத்' என்னும் சொல்லை இலக்கியக் கலைச்சொல்லாக நிலைபெறச் செய்ததில் அவருக்குப் பெரும்பங்குண்டு. இவ்வொப்புமையை மாணவர் மனனம் செய்து ஒப்பிக்கின்றனர். ஆனால் ஒப்புமையின் ஒரு பாதியை அவர்கள் கண்ணால் கண்டதே இல்லை. தேனையே சுவைத்திராதவனிடம், தேன்போல் இனிக்கும் என்று சொல்வதற்கு இது நிகராகும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இரண்டாம் மகாமாவில் பஸரா நூலகம் வருகிறது. மாடக்குழிகளில் ஏடுகள் படுக்கைவாட்டில் அடுக்கப்பட்டிருக்க, அறிஞர்கள் வட்டமாக அமர்ந்திருக்கும் ஓவியம் அதற்கு உண்டு. ஏழாம் மகாமாவுக்குக் குதிரைகள் உள்ளன. இவ்விரண்டும் இப்போதுள்ள பாடப்பகுதிக்குள்ளேயே அடங்குவன. இரண்டு வண்ண அச்சுப்படிகள் இருந்தால் ஒரு வகுப்பு முழுவதும் சுற்றிவரும். பாடத்திட்டத்தை வகுப்போர் மனம் வைத்தால், முதற் பத்தில் ஒன்றைக் குறைத்து நாற்பத்து மூன்றாவதைச் சேர்க்கலாம். எதைக் குறைப்பது என்று கேட்டால், அதை முடிவுசெய்ய ஐம்பதையும் ஓதிப்பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்வோம். தேர்வுத்தாளில் சொற்பொருள் வினாக்களுக்கிடையே, பர்கஈத் பெருநாளில் வாஸிதீ வரைந்த குதிரைகள் ஹரீரியின் எந்தச் சொல்லிலிருந்து புறப்பட்டன என்று ஒரு வினாவையும் இடலாம். படம் அருகில் இல்லாமலே, மூலத்தை மட்டும் கொண்டு அதற்கு விடையெழுத முடியும்.